முதல் நாளுக்கு முந்தைய 21 நாள்கள்

கறிக்கோழிப் பண்ணையின் பதிவேட்டில் குஞ்சு வந்து இறங்கும் நாளே முதல் நாள். தீவனம் நிறுக்கப்படுவதும் இறப்பு எண்ணப்படுவதும் வளர்ப்புக் கூலியின் கணக்குத் தொடங்குவதும் அன்றிலிருந்துதான். அதற்கு முன்பு அந்தக் குஞ்சுக்கு நேர்ந்தது எதுவும் ஏட்டில் இராது. ஆனால் பெட்டியிலிருந்து உமிமேல் விடப்படும் ஒவ்வொரு குஞ்சும் ஏற்கெனவே 21 நாள் வாழ்ந்து முடித்துத்தான் வருகிறது. தாய்க்கோழியின் வயது, முட்டை காத்துக் கிடந்த நாள்கள், இயந்திரத்தின் வெப்பம், தட்டிலிருந்து எடுத்த நேரம், வண்டியின் காற்றோட்டம் ஆகிய அனைத்தும் அதன் உடலில் பதிந்திருக்கின்றன. ஏட்டில் ஏறாத அந்த நாள்களுக்கும் ஒரு விலை உண்டு. அதைப் பெரும்பாலும் கொடுப்பவர் பண்ணையாளர்.

பாகாலா, சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே உள்ள சிறிய ஊர். காட்பாடி–திருப்பதி இருப்புப்பாதையிலிருந்து தர்மாவரம் கிளை பிரிவது இங்கேதான் என்பதால், ஊருக்குள் இறங்காதவர்களுக்கும் அதன் பெயர் பழக்கம். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும்வரை சித்தூரும் சந்திரகிரியும் வட ஆர்க்காட்டுடன் இருந்தவை. அந்தத் தொடர்பின் எச்சமாகத் தெலுங்கும் தமிழும் இன்றும் ஒரே கடைவீதியில் கலந்து ஒலிக்கின்றன. 2022-இல் ஆந்திரத்தின் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது பாகாலா திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. சுற்றிலும் மானாவாரி நிலம். நிலக்கடலையும் மாமரமும்தான் நெடுங்காலப் பயிர்கள்.

கோழித்தொழிலுக்கு இந்த வட்டாரம் புதியதன்று. சித்தூரில் பாலாஜி ஹேச்சரீஸ் என்னும் பெரிய பொரிப்பக நிறுவனம் வளர்ந்தது. அதைத் தொடங்கியவரே ஒரு கால்நடை மருத்துவர். திருப்பதியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1955 முதல் இயங்குகிறது. அதை உள்ளடக்கிய ஸ்ரீ வெங்கடேசுவரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் 2005-இல் உருவாயிற்று. தெற்கே நாமக்கல்லும் பல்லடமும் ஓர் இரவுப் பயணத் தொலைவில் உள்ளன. ஆக, தொழிலும் கல்வியும் அண்மையில்தான் இருக்கின்றன. ஆயினும் ஒருநாள் வயதுக் குஞ்சைக் கையில் ஏந்தி அதன் பிறப்பு வரலாற்றைப் படித்தறியும் திறன் மட்டும் பண்ணையாளர் கைக்கு வந்து சேரவில்லை.

நிலக்கடலை விளைந்த மேட்டு நிலத்தில் கொட்டகை எழுப்பியவர் ஒருவர் பாகாலாவை அடுத்த சிற்றூரில் இருக்கிறார். மழை பொய்த்த ஆண்டுகளின் கடன் அவரை அந்த முடிவுக்குத் தள்ளியது. அவர் வளர்ப்பது ஒப்பந்த முறையில்: குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவை நிறுவனத்துடையவை, கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உமி, உழைப்பு ஆகியவை அவருடையவை. வளர்ந்த கோழியின் எடைக்குக் கிலோ கணக்கில் கூலி. இறப்பு மிகுந்தாலோ, ஒரு கிலோ எடைக்குச் செலவான தீவனம் வரம்பைத் தாண்டினாலோ அந்தக் கூலி குறையும். கொங்குநாட்டில் வேரூன்றி நாடெங்கும் பரவிய இந்த ஏற்பாட்டில் சந்தை விலையின் ஏற்ற இறக்கம் பண்ணையாளரைத் தாக்குவதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் குஞ்சின் தரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. வருவதை வாங்கி வளர்ப்பதே அவர் வேலை.

ஒரு கோடைத் தொகுதியில், குஞ்சு இறங்கிய மூன்றாம் நாள் காலை, இறந்தவற்றைப் பொறுக்கிப் போட்டபோது வாளி நிறைந்தது. நான்காம் நாளும் அவ்வாறே. பார்வையிட வந்த இளம் சூப்பர்வைசர் கொட்டகைக்குள் நுழைந்ததும் சொன்னது வழக்கமான வாசகம்தான்.

“ராத்திரி சூடு பத்தலைண்ணே. புரூடிங்கைக் கோட்டை விட்டுட்டீங்க.”

பண்ணையாளர் வாளியிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து மல்லாத்திக் காட்டினார்.

“சூடு பத்தலைன்னா இந்தத் தொப்புள் ஏன் தம்பி கருத்துக் கெடக்கு? நான் வச்ச அடுப்பு தொப்புளை மட்டும் பாத்துக் கருக்குமா?”

சூப்பர்வைசரிடம் விடை இல்லை. படிவத்தில் ‘புரூடிங் குறைபாடு’ என்றே எழுதினார். வேறு காரணம் எழுத அந்தப் படிவத்தில் கட்டமும் இல்லை. அந்தத் தொகுதியின் கூலியில் பிடித்தம் விழுந்தது.

அவர் கேட்ட கேள்விக்கு விடை உண்டு. அது கொட்டகையிலிருந்து தொடங்குவதன்று. பொரிப்பகத்திலிருந்தும் அதற்கு முந்திய தாய்க்கோழிப் பண்ணையிலிருந்தும் தொடங்குவது.

முட்டை இடப்படும் வேளையிலேயே அதற்குள் இருக்கும் கரு பல்லாயிரம் செல்களாகப் பெருகியிருக்கும். வெளியே வந்து குளிர்ந்தவுடன் அதன் வளர்ச்சி உறங்கிப்போகிறது. அந்த உறக்கம் கலையாமல் காப்பதுதான் முட்டைச் சேமிப்பு அறையின் பணி. ஏறத்தாழ 15 முதல் 18 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு வாரம்வரை முட்டைகள் பெரிய இழப்பின்றிக் காத்திருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிதிறனைக் குறைக்கிறது. பொரிக்கும் நேரத்தையும் தள்ளிப்போடுகிறது. பிறக்கும் குஞ்சும் சற்றுச் சோர்ந்தே பிறக்கிறது. ராயலசீமையின் சித்திரை வெயிலில், தாய்க்கோழிக் கொட்டகையிலிருந்து முட்டையை எடுக்கப் பிந்தினால் கரு அரைகுறையாய் விழித்துக்கொள்ளும். அதை மீண்டும் குளிரறைக்குள் வைத்தால் அரை விழிப்பிலேயே அது இறக்கவும் கூடும். குளிரறையிலிருந்து நேரே வெக்கையான காற்றுக்குக் கொண்டுவரப்படும் முட்டையின் ஓட்டில் நீர் அரும்பும். ஓட்டின் நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே நுழைய அந்த ஈரமே வழி.

கூட்டில் இடப்படாமல் தரையில் இடப்பட்ட முட்டை இன்னொரு வாயில். எச்சம் படிந்த அந்த முட்டையைத் துடைத்தோ கழுவியோ மற்றவற்றோடு அடுக்கினால் எண்ணிக்கை கூடும். கூடவே இயந்திரத்துக்குள் ஈகோலை முதலிய கிருமிகளும் கூடும். சில முட்டைகள் உள்ளேயே அழுகி வெடித்து அண்டை முட்டைகளைக் கறைப்படுத்தும். வாளியிலிருந்த குஞ்சின் கருத்த தொப்புளுக்கு இங்கேயே ஒரு வேர் இருந்திருக்கலாம்.

தாயின் வயதும் கணக்கில் சேரும். முட்டையிடத் தொடங்கிய இளங்கோழியின் முட்டை சிறிது, குஞ்சும் சிறிது. முதிர்ந்த கோழியின் முட்டை பெரிது, ஓடு மெலிது. பொதுவாகக் குஞ்சின் எடை முட்டை எடையில் மூன்றில் இரண்டு பங்கு: 60 கிராம் முட்டையிலிருந்து ஏறக்குறைய 40 கிராம் குஞ்சு. இளந்தாயின் குஞ்சும் முதுதாயின் குஞ்சும் ஒரே கொட்டகையில் கலந்து இறங்கினால் தீவனத் தட்டில் சிறியது நெருக்கித் தள்ளப்படும். முதல் நாளின் சில கிராம் வேற்றுமை விற்கும் நாளில் பல மடங்காகித் தெரியும். கொட்டகையில் கோழிகள் ஒரே சீராக இல்லை என்று பண்ணையாளரைக் கேட்பவர்கள், குஞ்சுகள் எத்தனை தாய்க்கூட்டங்களிலிருந்து வந்தன என்று பொரிப்பகத்தைக் கேட்பது அரிது.

நாட்டுக்கோழியை அடைவைத்தவர்களுக்கு இவற்றுள் பல புதியன அல்ல. கூடையில் மணலோ உமியோ பரப்பி, ஒற்றைப்படையில் முட்டை எண்ணி வைத்து, இடிக்கு அஞ்சி இரும்புத் துண்டோ கரித்துண்டோ செருகி வைப்பது கிராமத்து வழக்கம். இரும்பும் கரியும் நம்பிக்கை, மற்றவை அனுபவம். நாள்பட்ட முட்டையை வைக்கமாட்டார்கள். அழுக்கு முட்டையை ஒதுக்குவார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கூமுட்டையைக் களைவார்கள். மீதியைக் கோழி பார்த்துக்கொள்ளும். அது அலகால் முட்டைகளை ஓயாமல் புரட்டும். நடுவிலிருப்பதை ஓரத்துக்கும் ஓரத்திலிருப்பதை நடுவுக்கும் மாற்றும். நாளுக்கு ஒருமுறை எழுந்து இரை தேடிவிட்டுத் திரும்பும்.

கோழியின்றிப் பொரிக்கும் கலையும் பழையதே. எகிப்தில் மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தவர்கள் வெப்பமானி அறியாதவர்கள். முட்டையை இமைமேல் வைத்துச் சூட்டை அளந்தவர்கள். 1749-இல் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் இதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இன்றைய பொரிப்பகம் அந்த அடுப்பின் வாரிசு. லட்சக்கணக்கில் பொரிக்கும் திறன் அதற்கு வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு முட்டையையும் தொட்டுப் பார்க்கும் இமை அதற்கு இல்லை. அறையின் காற்றை அளக்கும் உணரிதான் இருக்கிறது.

அந்த வேற்றுமை சிறியதன்று. காற்றின் வெப்பமும் முட்டையின் வெப்பமும் ஒன்றல்ல. முதல் ஒன்பது, பத்து நாள்வரை கரு வெப்பத்தை வாங்குகிறது. அதன்பின் தானே வெப்பத்தை வெளியிடத் தொடங்குகிறது. 18-ஆம் நாளில் ஒவ்வொரு முட்டையும் ஒரு சிறு கணப்பு. முட்டை ஓட்டின் வெப்பம் 37.8 பாகையை ஒட்டியே இருக்க வேண்டும் என்பது இன்றைய ஆய்வுகள் பெரிதும் ஒப்புக்கொண்ட அளவு. இயந்திரத்தின் திரையில் காற்று சரியாகவே தெரிந்துகொண்டிருக்க, காற்றோட்டம் எட்டாத மூலைத் தட்டில் ஓட்டின் வெப்பம் 39 பாகையைத் தாண்டியிருக்கலாம். கடைசி வாரத்தில் அவ்வாறு வெந்த கரு விரைந்து வளரும். ஆனால் முழுமையாக வளராது. இதயம் சிறுத்துப் போகும். மஞ்சள்கருப் பை முற்றிலும் உள்ளே இழுக்கப்படுமுன் பொரிந்துவிடும், தொப்புள் மூடாது. மூடாத தொப்புள் கிருமிக்குத் திறந்த கதவு. கருத்த தொப்புளின் இன்னொரு வேர் இது.

மின்தடை பற்றிய பிழையான எண்ணமும் இங்கிருந்தே பிறக்கிறது. மின்சாரம் நின்றால் முட்டை குளிர்ந்துவிடும் என்று அஞ்சிக் கதவை இறுக மூடுவது இயல்பு. இளம் முட்டைக்கு அது பொருந்தும். முதிர்ந்த முட்டைகள் நிறைந்த இயந்திரத்தில் விசிறி நின்றால், முட்டைகளே வெளியிடும் வெப்பம் வெளியேற வழியின்றி அவற்றையே கொல்லும். கோடையில் ஜெனரேட்டர் உயிர்பெறத் தாமதமாகும் சில நிமிடங்கள் எத்தனையோ கொட்டகைகளின் முதல் வாரத்தை முடிவு செய்துவிடுகின்றன.

ஈரப்பதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. முட்டை 18-ஆம் நாளுக்குள் தன் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காட்டை நீராக இழக்க வேண்டும். 60 கிராம் முட்டைக்கு ஏழு கிராம் அளவில். அப்போதுதான் மழுங்கிய முனையில் காற்றறை போதிய அளவு விரியும்; குஞ்சு அந்தக் காற்றில்தான் தன் முதல் மூச்சை இழுக்கிறது. ஈரம் மிகுந்தால் காற்றறை சிறுத்து, குஞ்சு வயிறு பருத்துத் தளர்ந்து வெளிவரும். ஓட்டை உடைக்க உந்தி உந்தி அதன் கணுக்கால் சிவந்திருக்கும். ஈரம் குறைந்தால் சுண்டி இளைத்து வரும். புரட்டுதலும் அவ்வாறே: மணிக்கு ஒருமுறை தட்டு சாய்வது நின்றுபோனால், குறிப்பாக முதல் வாரத்தில், கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும், பின்னாளில் நிலைமாறிக் கிடக்கும். கூர்முனை மேலாக அடுக்கப்பட்ட முட்டையில் பல குஞ்சுகளின் தலை காற்றறை இல்லாத பக்கம் திரும்பிவிடும். அடுக்கும் தொழிலாளியின் களைத்த கை செய்யும் ஒரு சிறு தவறு, மூன்று வாரத்துக்குப் பின் மூச்சுக்கு வழியின்றி முடிகிறது.

எல்லாவற்றிலும் நுட்பமானவை கடைசி மூன்று நாள்கள். செட்டரிலிருந்து ஹேச்சருக்கு மாற்றப்பட்ட முட்டைகள் ஒரே கணத்தில் பொரிவதில்லை. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இடையே ஒரு நாளுக்கு மேலாகவும் இடைவெளி விழும். முட்டைகளின் வயதும் அளவும் சூடும் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, இடைவெளியும் அவ்வளவு நீளும். முதலில் பொரிந்த குஞ்சு தண்ணீரும் தீவனமும் இல்லாத வெப்பக் காற்றில் மற்றவற்றுக்காகக் காத்திருக்கிறது. எப்போது கதவைத் திறப்பது என்பதே பொரிப்பகத்தின் பெரிய முடிவு. நூற்றுக்கு ஐந்து குஞ்சுகளின் கழுத்தில் ஈரம் எஞ்சியிருக்கும்போது எடுத்துவிட வேண்டும் என்பது தேர்ந்தவர்களின் விதி. ஓடுகள் துப்புரவாக இருந்தால் நேரம் சரி. ஓடெங்கும் பச்சையான முதல் எச்சம் அப்பியிருந்தால் குஞ்சுகள் நெடுநேரம் காத்திருந்திருக்கின்றன.

தவறிழைக்கத் தூண்டுதலும் இங்கேதான். பொரிப்பக மேலாளரின் திறமை ஓர் எண்ணால் அளக்கப்படுகிறது: வைத்த முட்டையில் எத்தனை விழுக்காடு விற்கத்தக்க குஞ்சாயிற்று? இன்னும் ஐந்தாறு மணி நேரம் பொறுத்தால் பிந்திய குஞ்சுகளும் கணக்கில் ஏறும். விழுக்காடு சற்றே உயரும். அந்தச் சிறு உயர்வுக்காக முன்பே பொரிந்த ஆயிரக்கணக்கானவை மேலும் வறள்கின்றன. பிந்தி வந்தவையும் பெரும்பாலும் நலிந்தவையே. பொரிப்பகத்தின் ஏட்டில் இலாபமாய்ப் பதிவாகும் அதே மணி நேரங்கள் பண்ணையின் ஏட்டில் முதல் வார இறப்பாய்ப் பதிவாகின்றன. இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்ப்பவர் எவருமில்லை. நாட்டுக்கோழி இந்தக் கணக்கை வேறு விதமாகப் போடுகிறது: பொரிந்த குஞ்சுகள் நடமாடத் தொடங்கியதும் அது அடையை விட்டு எழுந்துவிடும், பொரியாத முட்டைக்காகப் பொரிந்த குஞ்சைப் பட்டினி போடாது.

ஹேச்சருக்குள் கிருமியைக் கட்டுப்படுத்த ஃபார்மலின் ஆவி பிடிப்பது பல இடங்களில் நெடுங்கால வழக்கம். அளவோடு வெற்று அறைக்கும் முட்டைக்கும் பயன்படும் அந்த ஆவி, மூச்சிழுக்கத் தொடங்கிவிட்ட குஞ்சின் மூச்சுக்குழல் உட்சவ்வைச் சிதைக்கும். ஆனால் அது குஞ்சின் மயிரை இன்னும் அழகிய மஞ்சளாக்கும். வாங்குவோர் அந்த மஞ்சளை நலத்தின் அடையாளமாக எண்ணுவர். தொப்புள் தொற்றை மறைக்கத் தடுப்பூசியோடு எதிருயிரி மருந்தைச் சேர்த்துச் செலுத்தும் வழக்கமும் உலகின் பல நாடுகளில் இருந்தது. கனடாவின் கோழித்தொழில் மனித மருத்துவத்துக்கு மிக இன்றியமையாத எதிருயிரிகளை நோய் வருமுன் கொடுப்பதை 2014-இல் கைவிட்டது. மருந்தால் மூடக்கூடியது புண்ணின் வாய் மட்டுமே.

பொரிந்தபின் மேரெக் நோய்த் தடுப்பூசி. திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காக்கப்படும் அந்த உயிர்த் தடுப்பூசி உருக்கிக் கலந்தபின் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் கழுத்துத் தோலுக்கடியில் சென்றாக வேண்டும். தேநீர் இடைவேளை நீண்டால் ஊசி குத்தப்படும், காப்பு இராது. அதன்பின் எண்ணிக்கை, பெட்டி, வண்டி. மஞ்சள்கருவின் மிச்சம் குஞ்சின் வயிற்றில் இருப்பதால் 72 மணி நேரம்வரை தாங்கும் என்பது தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த மிச்சம் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. அவசரத்துக்கு அது உதவும். அதை நம்பிப் பயணத்தை நீட்டிக்கொண்டே போகலாகாது. தீவனம் சீக்கிரம் கிட்டிய குஞ்சின் குடலும் மார்புத் தசையும் முதல் நாள்களிலேயே வேகமாக வளர்கின்றன. பிந்திக் கிட்டியது அந்த இழப்பை முழுதும் ஈடுகட்டுவது கடினம்.

இவ்வளவும் மூடிய கதவுக்குள் நடப்பவை. ஆனால் இவை அனைத்தின் சுவடும் குஞ்சின் உடலில் திறந்தே கிடக்கிறது. டோகோ நாட்டைச் சேர்ந்த கோக்கூ டோனாவும் அவருடன் ஆய்ந்தோரும் 2003-இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறை குஞ்சுக்கு நூற்றுக்கு மதிப்பெண் இட்டது. பாஸ்கர் என்று வழங்கும் எளிய முறையோ பத்திலிருந்து தொடங்கி, சுறுசுறுப்பு, தொப்புள், கால், அலகு, வயிறு ஆகிய ஐந்தில் குறை கண்டவற்றுக்கு ஒவ்வொரு மதிப்பெண்ணைக் கழிக்கிறது. இதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. குஞ்சை மல்லாத்தி விட்டால் இரண்டு மூன்று நொடியில் எழ வேண்டும். தொப்புள் மூடி உலர்ந்திருக்க வேண்டும்; கறுப்புப் பொத்தானோ தொங்கும் நூலோ ஆகாது. கணுக்காலும் அலகும் சிவந்திருக்கக் கூடாது. வயிறு மென்மையாய் இருக்கலாம், பருத்து உப்பியிருக்கலாகாது. குஞ்சின் ஆசனவாயில் அளக்கும் வெப்பம் 39.4 முதல் 40.5 பாகைக்குள் இருந்தால் பயணம் நன்று. மேலே போனால் வண்டிக்குள் வெந்திருக்கிறது, கீழே போனால் குளிர்ந்திருக்கிறது.

நேர்மையின் மறுபக்கத்தையும் கூற வேண்டும். நல்ல குஞ்சைக் கெடுக்கும் கொட்டகைகளும் உண்டு. உமியின் மேற்பரப்பு குஞ்சு வருமுன்னரே 28 முதல் 30 பாகை சூட்டில் இருக்க வேண்டும். வண்டி வந்தபின் அடுப்பு மூட்டினால் காற்று சூடாகும், தரை சூடாகாது. குஞ்சின் பாதத்தைக் கன்னத்தில் வைத்தால் சில்லிட்டிருப்பது தரையின் குற்றம். இறங்கி ஒரு நாளில் ஏறக்குறைய எல்லாக் குஞ்சுகளின் இரைப்பையும் தீவனமும் நீருமாய் நிறைந்திருக்க வேண்டும். இரைப்பை வெறுமையாயிருப்பது பெரும்பாலும் தட்டின், தண்ணீரின், வெளிச்சத்தின் குற்றம். தரை சில்லிட்டால் அந்தப் பகுதிக் குஞ்சுகள் எல்லாமே ஒடுங்கி ஒட்டிக் கிடக்கும். தொப்புள் கெட்டது பொரிப்பகத்தில் என்றால், ஒரே சூட்டில் ஒரே தட்டில் உண்ணும் குஞ்சுகளுக்குள் சில நன்றாயிருக்கச் சில மட்டும் சாகும். பாகாலாப் பண்ணையாளர் வாளியிலிருந்து குஞ்சை எடுத்துக் கேட்ட கேள்வியின் தருக்கம் இதுவே. அறிவியலின் சொற்கள் அவரிடம் இல்லை. அதன் முறை இருந்தது.

அந்தத் தொகுதிக்குப் பிறகு அவர் ஒரு பழக்கத்தை மேற்கொண்டார். இரவில் வண்டி வந்ததும், பெட்டிகள் இறங்கும்போதே, அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சில பெட்டிகளிலிருந்து நூறு குஞ்சுகளை எடுத்து நிறுக்கிறார். அவருடைய மனைவி கைபேசி வெளிச்சத்தில் தொப்புளையும் கணுக்காலையும் பார்த்துச் சொல்ல, பள்ளிக்கூட நோட்டில் மகள் குறித்துக்கொள்கிறாள். ஓட்டுநருக்கு முதலில் பொறுமையில்லை. இப்போது அவரே டார்ச்சைப் பிடிக்கிறார். குறை மிகுந்த பெட்டிகளை அன்றிரவே படமெடுத்து அனுப்புகிறார். கூலியின் விதி மாறிவிடவில்லை. ஆனால் மூன்றாம் நாள் நடக்கும் உரையாடல் மாறிவிட்டது. சூப்பர்வைசர் இப்போது அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே படிவத்தை நிரப்புகிறார்.

ஒரு பண்ணையாளரின் நோட்டு போதாது. வரும் ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு துண்டுச்சீட்டு வர வேண்டும். அதில் தாய்க்கூட்டத்தின் வயது, முட்டை சேமிப்பில் இருந்த நாள்கள், ஹேச்சரிலிருந்து எடுத்த நேரம், தடுப்பூசியின் விவரம் என நான்கே செய்திகள் இருந்தால் போதும். இவை எந்தப் பொரிப்பகத்துக்கும் தெரியாதவை அல்ல. அதன் கணினியிலோ சுவர்ப்பலகையிலோ ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பவை. இளந்தாயின் குஞ்சு என்று முன்கூட்டியே தெரிந்தால் பண்ணையாளர் சூட்டைச் சற்றுக் கூட்டி வைப்பார். எடுத்து நெடுநேரம் ஆகிவிட்டது என்று தெரிந்தால் முதலில் தண்ணீரைக் காட்டுவார். அந்தச் சீட்டால் பயனடைவது பண்ணையாளர் மட்டுமல்லர். முதல் வார இறப்பும் ஏழாம் நாள் எடையும் அதே சீட்டோடு திரும்பிச் செல்லுமானால், தன் இயந்திரத்தின் எந்த மூலை வெந்துகொண்டிருக்கிறது என்பதைப் பொரிப்பகம் தெரிந்துகொள்ளும். பொரியாத முட்டைகளை உடைத்துப் பார்த்து எந்த நாளில் கரு இறந்தது என்று ஆராயும் நல்ல பொரிப்பகங்கள், பொரிந்தவற்றின் கதையையும் அதே அக்கறையோடு கேட்பதே முறை.

ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடுகின்றன. இடரை மட்டும் ஒரு தரப்பு சுமக்கிறது. கூலியைப் பிடிக்கும்முன் குஞ்சின் இறங்குநாள் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒரே ஒரு விதி ஒப்பந்தத்தில் ஏறினால், பொரிப்பகத்துக் கதவு நேரத்தில் திறக்கும். கால்நடைத் துறையும் பல்கலைக்கழகமும் பண்ணையாளர்களுக்கு நடத்தும் பயிற்சிகளில், தீவனத்துக்கும் நோய்க்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணியை எடுத்து, குஞ்சை மல்லாத்திப் பார்க்கக் கற்றுத் தரலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை. ஒரு தராசும் ஒரு விளக்கும் போதும்.